தூக்குவாளியில் என்ன இருந்தது?

என் கைப்பையில் எப்போதும் இரண்டு சிவப்புப் பேனாக்கள் இருக்கும். ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்று. கல்யாணத்துக்கு அழைக்க வருகிறவர்கள் எங்கள் வீட்டில் காப்பி குடித்து முடிப்பதற்குள், அவர்கள் நீட்டிய பத்திரிகையில் இரண்டு இடத்திலாவது சுழித்து வைத்திருப்பேன். வந்தவர்கள் முகம் சுண்டிப்போகும். எனக்கு அதெல்லாம் உறைக்காது. தப்பு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதைத் திருத்தாமல் எனக்குச் சோறு இறங்காது. என் வீட்டுக்காரர் மளிகைச் சீட்டைச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டுதான் கடைக்குப் போவார்.

இப்படிப்பட்ட ஆளைப் பிடித்து வாசிப்புப் புத்தகக் குழுவில் போட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தப்பு கண்டுபிடிப்பதுதான் வேலை என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். இனி யாரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியாது.

எங்கள் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு சின்னப் புத்தகம். பாடங்களை ஆசிரியர்களே எழுதுவார்கள். சனிக்கிழமைகளில் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கட்டிடத்தில் கூடுவோம். ஒரு பாடத்தில், மேலூரில் கிளம்பிய பேருந்து, மதுரைக்கு அந்தக் கோடியில் இருக்கும் நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி, வரும் வழியிலேயே இருக்கும் மாட்டுத்தாவணிக்கு வந்து சேர்ந்தது. அப்படி ஒரு பேருந்து ஓடினால் அதற்கு டிக்கெட் எடுக்கப் பிள்ளை வீட்டை விற்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதினேன். இன்னொரு பாடத்தில் குடும்பத்தில் ஐந்து பேர், படத்தில் ஆறு பேர். அந்த ஆறாவது ஆள் யார் என்று ஓவியரைக் கேட்டால், இடது பக்கம் இடம் காலியாகக் கிடந்தது, ஒரு மாமாவை உட்கார வைத்தேன் என்றார். அந்த மாமாவை எழுப்பி விட எனக்கு அரை நாள் ஆயிற்று.

குழுவுக்கு விதிமுறைகளும் நான்தான் எழுதினேன். முதல் விதி: விடை பத்தியில் இருக்க வேண்டும், பத்தியில் இல்லாத விடை விடையல்ல. இரண்டாவது விதி: ஒவ்வொரு பாடத்தையும் ஒரு வகுப்பில் வாசிக்க வைத்துப் பார்க்க வேண்டும், ஏதாவது ஒரு கேள்விக்குப் பாதிப் பிள்ளைகளாவது சரியாக எழுதாவிட்டால் பாடம் கடினம், எடுத்துவிட வேண்டும். எங்கள் ஒருங்கிணைப்பாளர் இதை இரண்டு தடவை சத்தமாக வாசித்தார். மதுரையில் இம்புட்டுத் தெளிவாக எழுதுகிற ஆள் இருக்கிறதா என்று அவர் கேட்டபோது, நான் அடக்கமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததாக நினைவு. அடக்கமாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

நான் எடுப்பது மூன்றாம் வகுப்பு. அடுத்த வகுப்பறையில் இரண்டாம் வகுப்பு எடுத்த டீச்சரம்மா மதுரைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கு இரண்டு சந்து தள்ளித்தான் வீடு. முஸ்லிம் குடும்பம், தலைமுறையாக வியாபாரம். படித்து வேலைக்கு வந்தவர் இவர் ஒருவர்தான். எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் பாதிச் சுவர். நான் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தால் அவர் பிள்ளைகளும் சேர்ந்து சொல்லும். அவர் கதை சொன்னால் என் பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டுக் காதை அந்தப் பக்கம் கொடுக்கும். இதற்காக நான் அவரிடம் பல தடவை சண்டைக்குப் போயிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே, அடுத்த கதையை மெதுவாகச் சொல்கிறேன் என்பார். சொல்ல மாட்டார்.

கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அவர் கதை எழுதி வைப்பார். ஒன்றுகூட அச்சில் வந்ததில்லை. அந்த வருடம் மே மாதத்தோடு அவருக்கு ஓய்வு. புத்தகத்துக்குப் பாடம் கேட்டபோது ஒரு காலண்டர் தாளை என் மேசையில் வைத்தார்.

"சைக்கிள் ஓட்டுற பிள்ளை, தோட்டம் போடுற பிள்ளை, ஊருக்குப் போற பிள்ளை எல்லாம் புஸ்தகத்துல இருக்கு டீச்சர். எங்க சந்துப் பிள்ளை ஒண்ணு நடந்து போறதை நான் எதுலயும் பாத்ததில்ல. அதைப் பாத்துட்டு ரிட்டயர் ஆகிட்டாப் போதும்."

எட்டு வரிக் கதை. நோன்பு மாதம். அம்மா கஞ்சி காய்ச்சுகிறாள். தூக்குவாளியில் ஊற்றி, எதிர் வீட்டில் கொடுத்துவிட்டு வா என்று மகளை அனுப்புகிறாள். சந்தில் ஆடு குறுக்கே வருகிறது, சைக்கிள் வருகிறது, தெரிந்த பெரியவர் வந்து நலம் விசாரிக்கிறார். சிறுமி ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டு சேர்க்கிறாள். எதிர் வீட்டு அம்மா கஞ்சியைத் தன் பாத்திரத்தில் ஊற்றிக்கொள்கிறார். தூக்குவாளி காலியாகிறது. சிறுமி வீட்டுக்கு ஓடி வருகிறாள். அவ்வளவுதான். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தேன். ஒரு தப்பு இல்லை. எனக்கு அது ஏமாற்றமாகவே இருந்தது.

கேள்வியும் விடைக்குறிப்பும் தயாரிப்பது என் பொறுப்பு. ஐந்து கேள்வி எழுதினேன். ஐந்தாவது கேள்வி: சிறுமி வீட்டுக்கு வந்தபோது தூக்குவாளியில் என்ன இருந்தது? விடை: ஒன்றும் இல்லை. காலியாகிறது என்று பத்தியில் தெளிவாக இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிடச் சுலபமாக எப்படிக் கேட்பது?

என் வகுப்பிலேயே வைத்துப் பார்த்தேன். முதல் நான்கு கேள்வியும் வெண்ணெய் மாதிரி போயிற்று. ஐந்தாவதுக்கு வந்தேன். முதல் தாளில் வாழைப்பழம் என்று இருந்தது. இதென்ன கூத்து என்று அடுத்ததைப் பார்த்தேன். முறுக்கு. அதற்கடுத்தது சீனி. கொழுக்கட்டை, அரைமுடித் தேங்காய், நாலு முட்டை, முருங்கைக்காய், மல்லிகைப்பூ. ஒரு பையன் பரோட்டா என்று எழுதி, பக்கத்தில் சால்னா தனியாக என்று சேர்த்திருந்தான். வகுப்பில் ஒரு பிள்ளைகூட ஒன்றும் இல்லை என்று எழுதவில்லை.

இரண்டாவது பெஞ்சில் உட்காரும் ஒரு சிறுமி பூனைக்குட்டி என்று எழுதியிருந்தாள். அவளை மட்டும் எழுப்பி நிறுத்தினேன். கஞ்சி கொண்டுபோன பாத்திரத்தில் பூனைக்குட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவள் கொஞ்சமும் பயப்படாமல், எங்க வீட்ல இப்ப அதான் டீச்சர் நிறைய இருக்கு என்றாள். வகுப்பு சிரித்தது. உட்கார் என்றேன். எல்லாத் தாளிலும் ஐந்தாவது கேள்விக்கு வரிசையாகக் குறுக்கே கோடு போட்டேன். அன்று என் பேனா பழுதில்லாமல் எழுதியது.

அட்டவணையில், ஐந்தாவது கேள்விக்குச் சரியான விடை எழுதியவர் யாரும் இல்லை என்று குறித்து, போட்டோ எடுத்து ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. விதி இரண்டின்படி பாடம் நீக்கம். சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மாற்றுப் பாடம் இருந்தால் தரவும்.

அதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பாதிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய ஒரே பாடத்தை நான் எடுத்துப் போட்டுவிட்டேன்.

மத்தியானம் எங்கள் சாப்பாட்டு அறையில் அவரிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். அவர் நோன்பு வைத்திருந்தார். அந்த மாதம் முழுக்க நான் டிபன் பாக்ஸை பீரோவுக்குப் பின்னால் நின்றுகொண்டு திறப்பேன். அவர், டீச்சர், பீரோ எலுமிச்சைச் சோறு சாப்பிடுதோ என்று கேட்பார். அன்றைக்கு நான் டிபனைத் திறக்கவே இல்லை. விடைத்தாள்களை அவர் முன்னால் வைத்தேன். பிள்ளைகள் ஒருத்தருக்கும் புரியவில்லை, பாடத்தை எடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். வாழைப்பழத்தில் புன்னகை வந்தது. முருங்கைக்காயில் தோள் குலுங்கியது. சால்னா தனியாக என்பதைப் படித்ததும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் பயந்துபோய்த் தொட்டுப் பார்த்தால், மனுஷி விழுந்து விழுந்து சிரிக்கிறார். தொண்டை வறண்டு இருமல் வந்துவிட்டது. தண்ணீரும் குடிக்க முடியாது. முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"டீச்சர், புள்ளைங்க அம்புட்டுப் பேரும் பாஸ். நீங்கதான் பெயிலு."

எனக்குப் புரியவில்லை. பத்தியைத் தூக்கிக் காட்டினேன். காலியாகிறது என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள் என்றேன். ஆமா, கஞ்சி காலியாச்சு என்றார். ஆனால் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை யாராவது வெறுசாகத் திருப்பி அனுப்புவார்களா? கழுவித் துடைத்து, வீட்டில் இருக்கிறதில் ஏதாவது ஒன்றைப் போட்டுத்தான் கொடுப்பார்கள். இந்தச் சந்தில் பிறந்த பிள்ளைக்கெல்லாம் அது தெரியும். அப்படியானால் அதை ஏன் பத்தியில் எழுதவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது.

"மொகத்துல மூக்கு இருக்குன்னு யாராச்சும் எழுதுவாங்களா டீச்சர்? உங்க ஊர்ல என்ன, வெறுந்தூக்கையா அனுப்புவாங்க?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்துத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். எங்கள் தெருவுக்குள் பாத்திரம் போகும், வரும். அதை நான் மறக்கவில்லை. ஆனால் தூக்குவாளி என்று படித்ததும் என் மனசுக்குள் வந்து நின்றது அந்தப் பாத்திரம் இல்லை. அறுப்பு நாளில் நான் ஏந்திக்கொண்டு போய், பெரிய வீட்டுப் பின்வாசலில் நின்ற பாத்திரம். உயரத்தில் இருந்து ஊற்றுவார்கள், பாத்திரம் பாத்திரத்தில் பட்டுவிடாமல். எங்கள் பாத்திரம் அந்த வீட்டுக்குள் போனதில்லை. அவர்கள் பாத்திரம் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. கொடுக்கிற பக்கம் ஒன்று, வாங்குகிற பக்கம் ஒன்று, அவ்வளவுதான். அந்த ஞாபகத்தில்தான் ஒன்றும் இல்லை என்று கொஞ்சமும் யோசிக்காமல் எழுதியிருக்கிறேன்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. மேலூரில் வீடு கட்டிக் குடிவந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பக்கத்து வீட்டார் எல்லாரும் மரியாதையான ஆட்கள்தான். பொங்கலுக்குக்கூட நான் யாருக்கும் ஒரு கிண்ணம் அனுப்பியதில்லை. சமைக்க நேரமில்லை என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் பயம். வாங்கி வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் கொட்டிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். இதை அவரிடம் முழுசாகச் சொல்லவில்லை. எங்க ஊர்க் கதை வேற டீச்சர் என்று மட்டும் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, என் டிபன் பாக்ஸை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

சாயங்காலம் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டேன். விடைக்குறிப்பு தப்பு, பிள்ளைகள் எழுதியதுதான் சரி என்றேன். அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம். பத்தியில் இல்லாத விடை விடையல்ல என்று நிறுத்தி நிதானமாக வாசித்துவிட்டு, இதை எழுதியது யார் டீச்சர் என்று கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனாலும் மனுஷர் நியாயமானவர். ஏதோ ஒரு வீட்டுப் பழக்கத்தை நம்பி விடைக்குறிப்பை மாற்ற முடியாது, நாலு வீட்டில் கண்ணால் பார்த்தால் யோசிக்கலாம் என்றார். வியாழக்கிழமை அவருக்குக் கீழமாசி வீதியில் ஏதோ வேலை. அப்படியே வந்து பார்ப்பதாகச் சொன்னார். இரண்டு நிபந்தனை. யாருக்கும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. அந்தத் தெருக்காரர் கொண்டுபோனால் தெரிந்த முகம் என்பதற்காகச் செய்வார்கள். அதனால் தெரியாத ஆள் கொண்டுபோக வேண்டும்.

"நீங்களே கொண்டு போங்க டீச்சர். தப்பு கண்டுபிடிச்சது நீங்கதானே."

வியாழக்கிழமை சாயங்காலம் என் பக்கத்து வகுப்புச் சிநேகிதி வீட்டு அடுப்படியில் போய் நின்றேன். பெரிய அலுமினியச் சட்டியில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பட்டையும் பூண்டும் புதினாவுமாக வாசம் சந்து முனை வரைக்கும் அடித்தது. நோன்பு திறக்க இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்குள் நாலு வீடு முடிய வேண்டும். ஒருங்கிணைப்பாளர் சந்து நடுவில் தன் ஸ்கூட்டரை நிறுத்தி, சீட்டில் கோப்பை விரித்து வைத்து, பேனாவைத் திறந்துகொண்டு நின்றார். போகிறவர் வருகிறவர் எல்லாம் வாக்காளர் பட்டியலா சார் என்று விசாரித்தார்கள்.

முதல் வீடு, கதையில் வருகிற அதே எதிர் வீடு. அங்கே துணி தேய்த்துக் கொடுக்கிற அம்மா ஒருவர் இருந்தார். நாலு எட்டுதான் தூரம். கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தேன். சூடு விரலில் ஏறியது. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்களோ என்று அந்த வயசிலும் பயந்தேன். வாசலில் நின்று, டீச்சர் வீட்டில் கஞ்சி கொடுத்து விட்டார்கள் என்றேன். அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நேராக என் கையில் இருந்து வாங்கினார். கையோடு கை பட்டது.

"உள்ள வந்து உக்காருங்க டீச்சர். வெயில்ல நிக்கிறீக."

நான் டீச்சர் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். கைப்பையில் இரண்டு சிவப்புப் பேனா துருத்திக்கொண்டிருக்கிறதே என்றார். கஞ்சியைத் தன் பாத்திரத்தில் ஊற்றி, தூக்குவாளியைக் கழுவித் துடைத்துவிட்டு, அடுக்களையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டப்பா டப்பாவாகத் திறந்தார். கடைசியில் ஒரு கை சீனியை அள்ளிப் போட்டு மூடிக் கொடுத்தார். நான் சந்துக்குள் இறங்கி ஓடி வந்தேன். ஐம்பது வயசில் நான் ஓடியதை என் வகுப்புப் பிள்ளைகள் பார்த்திருந்தால் பிறகு என்னை மதித்திருக்காது. சீனி சார் என்று ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் போய்க் கத்தினேன். சீனி என்று எழுதிக்கொண்டார்.

அடுத்தது பூக்கட்டுகிற வீடு. போன வேகத்தில் திரும்பி வந்தேன். தூக்குவாளிக்குள் ஒரு முழம் மல்லிகை. அடுத்த வீட்டுக்குக் கஞ்சி ஊற்றினால் மல்லிகை வாசம் அடிக்கும் என்று என் சிநேகிதி புளி போட்டுத் தேய்த்தார், திரும்பவும் தேய்த்தார். நேரம் போகிறது, நேரம் போகிறது என்று நான் அடுப்படியில் குதித்துக்கொண்டிருந்தேன். பூவைப் பாதியாகக் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டு, மீதியைத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது வீட்டில் ஒரு தையல்காரர் தனியாக இருந்தார். வீட்டில் பொம்பளைகள் எல்லாரும் ஊருக்குப் போயிருந்தார்கள். கஞ்சியைச் சந்தோஷமாக வாங்கி ஊற்றிக்கொண்டார். பிறகு தூக்குவாளியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார். அலமாரியில் ஒன்றும் இல்லை, கூடையில் ஒன்றும் இல்லை. பரவாயில்லை அண்ணே, கொடுங்க, நான் வாரேன் என்று நானே கை நீட்டினேன். தர மாட்டேன் என்கிறார். வெறுசா எப்படிம்மா குடுக்கிறது என்று அதைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். நான் வாசலில் நின்றேன். சந்தில் இருந்து ஒருங்கிணைப்பாளர் கழுத்தை நீட்டி, என்ன ஆச்சு என்று சைகையில் கேட்டார். பறிமுதல் ஆகிவிட்டது என்று நானும் சைகையில் சொன்னேன். ரொம்ப நேரம் கழித்து அவர் நிம்மதியான முகத்தோடு வந்தார். உள்ளே இரண்டு எலுமிச்சம்பழமும் ஒரு நூல்கண்டும் இருந்தது. நூல்கண்டு எதற்கு என்றால், எலுமிச்சம்பழம் மட்டும் போட்டால் நல்லா இருக்காதே என்றார்.

அதற்குள் ஒருங்கிணைப்பாளரின் போக்கே மாறியிருந்தது. நாலாவது வீட்டில் முட்டை, பார்த்துக்கொண்டே இருங்கள் என்று என்னிடம் அடித்துச் சொன்னார். இல்லை, வாழைப்பழம் என்றேன் நான். நாற்பது பேருக்கு அதிகாரியாக இருக்கிற மனுஷர், சந்தில் நின்று முட்டைக்காக என்னோடு வாதாடினார்.

நாலாவது வீட்டுக் கதவைத் திறந்தது என் வகுப்புப் பிள்ளை, இரண்டாவது பெஞ்சுக்காரி. என்னைத் தலையில் பூவும் கையில் தூக்குவாளியுமாகப் பார்த்ததும் கண்ணை அகல விரித்தாள். நான் வாயைத் திறக்கும் முன்பே தூக்குவாளியை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் அம்மா என்னவோ கேட்பதும், இவள் என்னவோ சொல்வதும், இரண்டு பேரும் சிரிப்பதும் கேட்டது. திரும்பி வந்தபோது இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மூடியைச் சாய்வாக, காற்றுப் போகிற மாதிரி வைத்திருந்தாள்.

"மெதுவாத் தூக்குங்க டீச்சர். தூங்குது."

சந்து நடுவில், ஸ்கூட்டர் சீட்டுக்கு மேலே வைத்து மூடியை எடுத்தேன். ஒரு துண்டுத் துணிக்கு மேலே, உள்ளங்கை அளவு ஒரு சாம்பல் பூனைக்குட்டி சுருண்டு கிடந்தது. வெளிச்சம் பட்டதும் வாயைத் திறந்து எங்கள் இரண்டு பேரையும் ஒரு அதட்டு அதட்டியது. ஒருங்கிணைப்பாளர் எழுதப் போனவர் அப்படியே நின்றார். பிறகு ஆரம்பித்த சிரிப்பு அடங்கவே இல்லை. ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், ஸ்கூட்டர் ஆடியது, கோப்பு சரிந்தது, அவர் பேனா உருண்டு சாக்கடைக்குள் போனது. இஸ்திரி அம்மாவும் தையல்காரரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. நான்தான் அன்னைக்கே எழுதினேனே டீச்சர் என்றாள்.

அவள் சொன்னது சரி. குட்டி நாலு இருக்கிறது, யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று அவள் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாராம். வீட்டில் இருக்கிறதைத்தான் அவள் எழுதியிருந்தாள். அவள் தலையைத் தொட்டு, நீ எழுதினதுதான் சரி, டீச்சர்தான் தப்பாத் திருத்திட்டேன் என்று சந்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். என் வாயில் அப்படி ஒரு வார்த்தை அதற்கு முன் வந்ததில்லை. சொன்னதும் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பாங்கு சொன்னார்கள். சிநேகிதி வீட்டில் பேரீச்சம்பழமும் கஞ்சியும் கொடுத்தார்கள். குடித்து முடித்ததும் ஒருங்கிணைப்பாளர் என் பேனாவைக் கடன் கேட்டார். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று விடைக்குறிப்புத் தாளை வாங்கினேன். ஒன்றும் இல்லை என்பதை அடித்தேன். பிள்ளைகள் தங்கள் வீட்டில் இருந்து சொல்லும் எல்லா விடைகளையும் ஏற்றுக்கொள்ளவும் என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, பூனைக்குட்டி உட்பட என்று சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். என் முதல் விதியையும் என் பேனாவாலேயே அடித்தேன். என் சிநேகிதி அந்தத் தாளை வாங்கி ஒருமுறை படித்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பூனைக்குட்டியை என்ன செய்வது? எனக்குக் கொடுத்தது எனக்குத்தான் என்று எல்லாரும் சேர்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். தூக்குவாளியோடு மேலூர் பஸ்ஸில் ஏறினேன். ஒத்தக்கடை தாண்டும்போது அது கத்த ஆரம்பித்தது. முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் வந்து குனிந்தார்.

"என்ன டீச்சர், தூக்குவாளியில என்ன இருக்கு?"

ஐந்தாவது கேள்வியை என்னிடமே கேட்கிறார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், சிரிப்புத்தான் வந்தது. மேலூர் வரைக்கும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தேன். டீச்சருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவர் டிரைவரிடம் சொல்லியிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வியில் சிரிப்பு நின்றுவிட்டது. தூக்குவாளியை எப்படித் திருப்பிக் கொடுக்கப் போகிறாய் என்றார். அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பாசிப்பருப்பை வறுத்து, திரித்து, நெய் விட்டு உருண்டை பிடித்தேன். எங்கள் அம்மா பிடிக்கிற மாதிரிதான், கொஞ்சம் பெரிசாக. காலையில் பள்ளியில் சிநேகிதியிடம் நீட்டியபோது பழைய பயம் திரும்பவும் வந்து நின்றது. நோன்பு என்பதால் அப்போது சாப்பிட முடியாது. வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று முழுக்க எனக்குப் பாடத்தில் மனசு நிற்கவில்லை.

திங்கட்கிழமை வந்ததும் வராததுமாகச் சொன்னார்.

"அன்னைக்கு பேரீச்சம்பழத்தையே எடுக்கல டீச்சர். உங்க உருண்டையிலதான் நோன்பு தொறந்தேன்."

சொல்லிவிட்டுத் தூக்குவாளியை நீட்டினார். உள்ளே சமோசா. நான் பீரோவுக்குப் பின்னால் போய் நின்றேன். சாப்பிட இல்லை, அழுதேன்.

புத்தகம் ஜூனில் வந்தது. அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். முதல் பிரதியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பாடத்தைப் படிக்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்து, ஆடு, சைக்கிள், தூக்குவாளியோடு நடக்கிற பிள்ளை. ஓவியர் வழக்கம் போல மூலையில் யாரோ ஒரு மாமாவை உட்கார வைத்திருந்தார். நான் அவரை எழுப்பவில்லை.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. தூக்குவாளி இன்னும் மேலூருக்கும் மதுரைக்கும் போய் வந்துகொண்டுதான் இருக்கிறது. இரண்டு பேராலும் வெறுசாகக் கொடுக்க முடியாது என்பதால் அது நிற்க வழியே இல்லை. நடுவில் இரண்டு மூன்று தடவை பாத்திரம் மாறிவிட்டது. எது யாருடையது என்பது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இந்தப் பொங்கலுக்கு என் பக்கத்து வீடுகளுக்கும் கிண்ணம் கொடுத்து அனுப்பினேன். ஒரு வீட்டில் இருந்து கிண்ணம் நிறைய மொச்சை திரும்பி வந்தது.

போன மாதம் எங்கள் வீட்டுச் சாம்பல் பூனை மூன்று குட்டி போட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அதில் ஒன்றைத் தூக்குவாளியில் துணி விரித்துப் படுக்க வைத்து, மூடியைச் சாய்த்து, பஸ் ஏறினேன். அவர்தான் கதவைத் திறந்தார். நான் வைத்திருந்த விதத்தைப் பார்த்ததும் சந்தேகம் வந்துவிட்டது. தூக்குவாளியில் என்ன டீச்சர் என்று கேட்டார்.

"விடை பத்தியில இருக்கு. படிச்சுப் பாருங்க" என்றேன்.

அவர் படிக்கவில்லை. மூடியைத் திறந்தார். பிறகு நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று சிரித்த சிரிப்பில் இஸ்திரி அம்மா வேலையை விட்டுவிட்டு வந்தார். தூக்குவாளி இப்போது அவர் அடுப்படியில் எங்கேயோ கவிழ்ந்து கிடக்கிறது. அது என் அம்மா வீட்டில் இருந்து நான் எடுத்து வந்த பழைய பாத்திரம் என்று நேற்றுத்தான் எனக்கு ஞாபகம் வந்தது. இருக்கட்டும். எப்படியும் வரும், ஏதாவதோடு வரும்.